உச்சா, கக்கா, உலக வரலாறு

சாப்பிட்டுக்கிட்டே படிக்கிற பழக்கம் உள்ளவங்க தட்டை ஓரமா வச்சுட்டு அப்புறமா வாங்க. தலைப்பைப் பார்த்ததுமே விஷயம் என்னன்னு தெரிஞ்சிருக்கும். ராஜா, போர், உடன்படிக்கைன்னு எழுதினாத்தான் வரலாறுன்னு நினைக்கிறவங்க கொஞ்சம் முகம் சுளிக்கலாம். பரவாயில்லை. ராஜராஜ சோழனுக்கும் யாரோ ஒருத்தங்கதான் இதைச் சொல்லிக் கொடுத்திருப்பாங்க :-)

கொஞ்ச நாளைக்கு முன்னாடி ஒரு நண்பன் புலம்பினான். பையனுக்கு ரெண்டரை வயசு. ப்ளேஸ்கூல்ல சேர்க்கப் போனா, "டயப்பர் இல்லாம வரணும், தானா பாத்ரூம் போகத் தெரியணும்"னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்களாம். வீட்டில் அவன் அம்மா, "உனக்கெல்லாம் ஒரு வயசுலயே பழக்கிட்டேன், இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குப் பொறுமை இல்லை"ன்னு மருமகளைப் பார்த்து ஒரு குத்து. குழந்தை மருத்துவரோ, "அவசரப்படாதீங்க, மூணு வயசு வரைக்கும் ஆகலாம்"னு சொல்றார். மூணு பேர், மூணு கெடு. நடுவுல அந்தப் பையன் ஜட்டியை நனைச்சுட்டு முழிச்சுக்கிட்டு நிக்கிறான். அவன் அம்மா கண்ணுல தண்ணி.

இந்தக் கெடுவையெல்லாம் யார் எழுதி வச்சதுன்னு தேட ஆரம்பிச்சேன். ஆணி பிடுங்குற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் இதுலயே போச்சு. கிடைச்சதுல பாதி சிரிப்பு, பாதி வயித்தெரிச்சல். நூறு வருஷத்துக்குள்ள நிபுணர்கள் சொன்ன வயசு ரெண்டு மாசத்துல ஆரம்பிச்சு மூணு வருஷம் வரைக்கும் போயிருக்கு. குழந்தையோட மூத்திரப்பை என்னவோ அதேதான்.

முதல்ல ரொம்பப் பழசுல ஆரம்பிச்சுடுவோம். ஏதென்ஸ் நகரத்துல பழைய அகோராவைத் தோண்டினப்போ சுட்ட மண்ணால் செஞ்ச ஒரு விசித்திரமான பொருள் கிடைச்சது. கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கீழே அகலமான அடிப்பாகம், மேலே கிண்ணம் மாதிரி ஒரு இருக்கை, கால் வெளியே நீட்ட ஒரு ஓட்டை, அடியில் இன்னொரு ஓட்டை. என்ன இதுன்னு புரிய வச்சது கிரேக்கப் பானை ஓவியங்கள்தான். அதுல இதே மாதிரி ஒண்ணுல உட்கார்ந்து ஒரு குழந்தை கையை ஆட்டிக்கிட்டு இருக்கு. நம்ம காலத்துக் குழந்தை ஒண்ணை உட்கார வச்சு எடுத்த கறுப்பு வெள்ளைப் படமும் உண்டு. கனக்கச்சிதமா பொருந்துது. ஆக, பிளாஸ்டிக் பாட்டிக்கு வயசு 2500க்கு மேல.

அப்புறம் ஒரு பெரிய தாவல். 1544இல் தாமஸ் ஃபேயர் என்கிற ஆங்கிலேயர் குழந்தைகள் நோய் பற்றி ஆங்கிலத்திலேயே ஒரு புத்தகம் எழுதினார். மருத்துவம்னாலே லத்தீன் என்று இருந்த காலத்தில் அது பெரிய விஷயம். அதுல படுக்கையை நனைக்கிற குழந்தைகளுக்குன்னு தனியா ஒரு பகுதி. முள்ளெலியோட விதையைப் பொடி பண்ணிக் கொடுக்கணுமாம், ஆட்டுக் குளம்பைப் பொடி பண்ணிக் குடிக்கக் கொடுக்கணுமாம். இதுல யாரைப் பார்த்துப் பாவப்படுறதுன்னு தெரியலை, குழந்தையையா முள்ளெலியையா.

நம்ம கதை நிஜமா சூடு பிடிக்கிறது அமெரிக்காவுல. எம்மெட் ஹோல்ட் என்கிற நியூயார்க் குழந்தை மருத்துவர் 1894இல் கேள்வி பதில் வடிவத்தில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். குழந்தையைப் பராமரிக்கிறதும் ஊட்டுறதும் எப்படின்னு தாதிகளுக்கும் தாய்மார்களுக்கும் சொல்றது. பல பதிப்புகள் கண்ட புத்தகம். அதுப்படி, சீக்கிரம் ஆரம்பிச்சா ரெண்டாவது மாசத்துலயே பழக்கிடலாம். எப்படி? சின்னக் கிண்ணம் ஒண்ணைத் தாதி தன் முழங்கால்களுக்கு நடுவுல இடுக்கிக்கணும். குழந்தையோட முதுகைத் தன் மார்பில் சாய்ச்சு அது மேல பிடிச்சுக்கணும். தினமும் ரெண்டு தடவை, காலையும் மாலையும், பால் குடிச்ச பிறகு, அதே நேரத்துக்கு. வரலைன்னா ஒரு சின்ன சோப்புத் துண்டையோ எண்ணெய் தடவின காகிதக் கூம்பையோ ஆசன வாயில் வச்சு "ஞாபகப்படுத்தணும்".

கேட்கவே ஒரு மாதிரியா இருக்கு இல்லையா? ஆனா அன்னைக்கு இருந்த நிலைமையையும் பார்க்கணும். வாஷிங் மெஷின் கிடையாது. தினம் ஒரு டஜன் துணியைக் கையால துவைச்சு, கொதிக்கிற தண்ணியில போட்டு, குளிர்காலத்துல காய வைக்கணும். கிருமிகள் பத்தி அப்பத்தான் எல்லாரும் பேச ஆரம்பிச்சிருந்தாங்க. மலச்சிக்கல் வந்தா உடம்பே விஷமாயிடும்னு மருத்துவர்களே பயந்த காலம். ஒரு துணி மிச்சமானாலும் அம்மாவுக்கு லாபம்.

1912இல் அமெரிக்க அரசு குழந்தைகள் நலத்துக்குன்னு ஒரு துறை தொடங்குச்சு. அது 1914இல் சிசு பராமரிப்பு பற்றி ஒரு கையேடு வெளியிட்டது. எழுதினவர் மேரி மில்ஸ் வெஸ்ட். கணவரை இழந்தவர், அஞ்சு குழந்தைகளுக்குத் தாய். அவரும் மூணாவது மாசத்துல ஆரம்பிக்கலாம்னுதான் சொல்றார். ஆனா கூடவே, ரொம்ப மென்மையா செய்யணும், திட்டினாலோ அடிச்சாலோ குழந்தை பயந்துடும்னும் எழுதியிருக்கார். அஞ்சு பெத்தவங்க பேச்சு அப்படித்தான் இருக்கும்.

அடுத்த பதிப்புகள்ல அந்த அம்மா குரல் காணாம போயிடுது. அறிவியல் குழந்தை வளர்ப்பு என்று ஒரு அலை வந்தது. 1930களின் தொடக்கத்துல அதே கையேட்டைப் படிச்சா ரயில்வே அட்டவணை மாதிரி இருக்கு. தினம் அதே நேரம், அஞ்சு நிமிஷம் கூட முன்னே பின்னே போகக் கூடாது. எட்டு மாசத்துக்குள்ள வேலை முடிஞ்சிடணும். எட்டு மாசக் குழந்தை அப்பத்தான் தவழவே ஆரம்பிச்சிருக்கும்ங்க!

இந்த அலையோட உச்சம் ஜான் வாட்சன். நடத்தைவாத உளவியலோட தந்தைன்னு பாடப் புத்தகத்துல படிச்சிருப்பீங்க. ஒரு சின்னக் குழந்தைக்கு வேணும்னே பயத்தைப் பழக்கிக் காட்டின அந்தப் பிரபலமான சோதனையைச் செஞ்சவர். 1920இல் உதவியாளரோட ஏற்பட்ட காதல் விவகாரத்துல பல்கலைக்கழக வேலை போய், விளம்பர நிறுவனத்துல சேர்ந்தார். 1928இல் குழந்தை வளர்ப்புப் புத்தகம் எழுதினார். எட்டு மாசத்துக்கு மேல குழந்தையைத் தனி இருக்கையில் வார் போட்டுக் கட்டி, பாத்ரூம்ல விட்டுட்டுக் கதவைச் சாத்திடணுமாம். கையில் பொம்மை கூடாது. அம்மா கூட நிக்கவே கூடாது. இதுதான் குழந்தைக்குச் சுயசார்பைக் கற்றுத் தரும்னு அவர் எண்ணம்.

இந்தப் பகுதியைப் படிச்சப்போ லேப்டாப்பை மூடி வச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சுயசார்புங்கிற வார்த்தையை எட்டு மாசக் குழந்தையைக் கட்டிப் போட்டுட்டுச் சொல்லியிருக்கார் மனுஷன். புத்தகத்தைச் சந்தோஷமான குழந்தையை வளர்க்கப் போகிற முதல் தாய்க்குன்னு வேற சமர்ப்பணம் பண்ணியிருக்கார். அதாவது அதுவரைக்கும் யாருமே வளர்த்ததில்லையாம். நம்ம பாட்டிகள் காதுல விழுந்திருந்தா தெரியும் சேதி.

சரி, இவ்வளவு கட்டாயமும் வேலை செஞ்சதா? யாராவது சோதிச்சுப் பார்த்தாங்களா? பார்த்தாங்க. மர்டில் மெக்ரா என்கிற உளவியலாளர் நியூயார்க்ல ஒரு குழந்தைகள் மருத்துவமனையில வேலை பார்த்தார். இரட்டைக் குழந்தைகளை எடுத்துக்கிட்டார். ஒண்ணை, பிறந்து சில வாரங்கள்லயே ஆரம்பிச்சு, பகல் முழுக்க மணிக்கொரு தரம் பானையில் உட்கார வச்சாங்க. இன்னொண்ணைக் கண்டுக்கவே இல்லை. ரெண்டு வயசு வாக்குல அதையும் உட்கார வச்சாங்க. என்ன ஆச்சு? ரெண்டாவது வந்த உடனே முதலாவதைப் பிடிச்சிடுச்சு. முதல் குழந்தையோட ஒண்ணரை வருஷத்துக்கு மேற்பட்ட பயிற்சியும் வீண். 1940இல் வெளியான கட்டுரை இது. நரம்பு மண்டலம் முதிராம மூத்திரப்பை மேல கட்டுப்பாடு வராதுன்னு சொல்றதுக்கு நல்ல ஆதாரம். நம்ம தொழில்ல ஒரே பக்கத்தை ரெண்டு விதமா போட்டு எது எடுபடுதுன்னு பார்ப்போமே, அந்த மாதிரி. எண்ணிக்கைதான் ரொம்பக் கம்மி.

இதே கேள்விக்குப் பெரிய அளவுல பதில் சொன்னது சுவிட்சர்லாந்து. சூரிக் நகரத்துல குழந்தைகளைப் பிறந்ததுலேர்ந்து வருஷக்கணக்கா பின்தொடர்ற ஆய்வு ஒண்ணு. 1950களில் பிறந்த கூட்டத்துல கிட்டத்தட்ட எல்லா வீட்டுலயும் முதல் வருஷத்துலயே பழக்க ஆரம்பிச்சுட்டாங்க. 1970, 80களில் பிறந்த கூட்டத்துல அது ரொம்பத் தள்ளிப் போயிடுச்சு. ரெமோ லார்கோவும் மத்தவங்களும் 1996இல் ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. மூத்திரக் கட்டுப்பாடு வந்த வயசுல சொல்லும்படியா வித்தியாசம் இல்லை. முதல் தலைமுறை அம்மாக்கள் ஆயிரக்கணக்கான தடவை பானையைத் தூக்கிக்கிட்டு ஓடினது நேரத்துக்குக் கூட உதவலை. என் நண்பனோட அம்மாகிட்ட இதைச் சொல்ற தைரியம் மட்டும் எனக்கு இல்லை.

நடுவுல ஒரு பெரிய கூத்து நடந்தது. அதைச் சொல்லியே ஆகணும். 1908இல் ஃபிராய்டு ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். ஒழுங்கு, கஞ்சத்தனம், பிடிவாதம் மூணும் சேர்ந்து இருக்கிற ஆட்களுக்குச் சின்ன வயசுல மலம் கழிக்கிறதுல இருந்த ஈடுபாடுதான் மூலம்னு. அது கையில கிடைச்சதும் ஆளாளுக்குக் கிளம்பிட்டாங்க. இரண்டாம் உலகப் போர் நேரத்துல, 1943இல், ஜெஃப்ரி கோரர் என்கிற ஆங்கிலேய மானுடவியலாளர் ஜப்பான்ல ஒரு நாள் கூட கள ஆய்வு செய்யாமலேயே ஒரு கட்டுரை எழுதினார். ஜப்பானியர்கள் போர்ல காட்டுற வன்முறைக்குக் காரணம் அவங்க அம்மாக்கள் குழந்தையிலேயே கடுமையா கக்கா பழக்கினதுதானாம்! அதைச் சில வருஷம் நிறைய பேர் நம்பினாங்க. போர் முடிஞ்சு ஜப்பானியக் குடும்பங்களை நேர்ல பார்த்து விசாரிச்சப்போ அப்படி ஒண்ணும் கடுமை இல்லைன்னு தெரிஞ்சது.

அத்தோட முடிஞ்சதான்னா இல்லை. 1999இல் ஜெர்மனியில மறுபடியும். பழைய கிழக்கு ஜெர்மனியின் அரசுக் காப்பகங்கள்ல வரிசையா பானைகள் பொருத்தின நீள பெஞ்சுகள் இருந்தன. எல்லாக் குழந்தைகளையும் ஒரே நேரத்துல உட்கார வைப்பாங்க. கடைசிக் குழந்தை முடிக்கிற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது. அம்மாக்கள் எல்லாம் வேலைக்குப் போகிற நாடு, பார்த்துக்கிற ஆட்கள் கம்மி, வேற வழி இல்லை. சுவர் இடிஞ்சு பத்து வருஷம் கழிச்சு, கிழக்குப் பகுதி இளைஞர்கள் வெளிநாட்டவரைத் தாக்குறதுக்கு இந்தக் கூட்டு வளர்ப்பும் பானை பெஞ்சும் ஒரு காரணம்னு கிறிஸ்டியன் ஃபைஃபர் என்கிற மேற்கு ஜெர்மன் குற்றவியல் பேராசிரியர் சொன்னார். கிழக்கே கொந்தளிச்சுப் போச்சு. எங்க அம்மா எங்களைச் சரியா வளர்க்கலைன்னு சொல்ல நீ யாருன்னு. நியாயமான கோபம். அடுத்த வருஷமே அவர் ஒரு மாநிலத்துக்கு நீதி அமைச்சராயிட்டார், அது வேற கதை.

ஜப்பானோ கிழக்கு ஜெர்மனியோ, பழி போய் விழுந்த இடம் அம்மா மடிதான். நண்பன் வீட்டுலயும் அதேதானே?

திரும்ப அமெரிக்காவுக்கு. 1946இல் பெஞ்சமின் ஸ்போக் என்கிற மருத்துவரோட புத்தகம் வந்தது. அவர் 1998இல் இறக்கும்போது அஞ்சு கோடிப் பிரதிகள் விற்றிருந்தன. உனக்கு நீ நினைக்கிறதை விட நிறையத் தெரியும், உன்னை நம்பு என்று தாயைப் பார்த்துச் சொன்ன புத்தகம். கக்கா விஷயத்துலயும் கெடுபிடியை விடச் சொன்னார். அம்மாக்கள் மூச்சு விட்டாங்க.

அந்த வழியில வந்தவர் பெர்ரி பிரேசல்டன். மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜ்ல மருத்துவம் பார்த்தவர். மலத்தை அடக்கி வச்சுக்கிட்டு அவஸ்தைப்படுற குழந்தைகளை நிறையப் பார்த்திருந்தார். கட்டாயப்படுத்தினதோட விளைவு இதுன்னு அவருக்குத் தோணிச்சு. பத்து வருஷமா தன்கிட்ட வந்த 1170 குழந்தைகளோட குறிப்புகளைத் தொகுத்து 1962இல் ஒரு கட்டுரை போட்டார். இன்னைக்கும் குழந்தை மருத்துவர்கள் சொல்ற அறிவுரையோட ஊற்று இதுதான்.

அவரோட முறை ரொம்பப் பொறுமையானது. ஒண்ணரை வயசு வாக்குல ஒரு சின்ன இருக்கையை வாங்கி, இது உன்னோடதுன்னு குழந்தைகிட்ட கொடுக்கணும். முதல்ல துணியோடயே உட்காரட்டும். பிஸ்கட் சாப்பிடட்டும், கதை கேட்கட்டும். ஒரு வாரம் கழிச்சு டயப்பர் இல்லாம. அப்புறம் அழுக்கான டயப்பரை அதுல கொண்டு போய்ப் போட்டு, இது போற இடம் இதுன்னு காட்டணும். அதுக்கப்புறம் துணி இல்லாம விளையாட விட்டு, பானையைப் பக்கத்துலயே வச்சுடணும். குழந்தை முரண்டு பிடிச்சா உடனே நிறுத்திட்டுச் சில வாரம் மறந்துடணும். இப்படிச் செஞ்சதுல பகல்ல பழகின சராசரி வயசு 28.5 மாசம். ராத்திரியும் சேர்த்துன்னா 33.3 மாசம்.

எனக்கு இந்த மனுஷனைப் பிடிச்சிருக்கு. இருந்தாலும் ஒண்ணு சொல்லணும். ஒப்பிட்டுப் பார்க்க வேற முறையில் பழகின கூட்டம் எதுவும் அவர்கிட்ட இல்லை. தன் மருத்துவமனைக்கு வந்தவங்க மட்டும்தான். அதுவும் பெரும்பாலும் வசதியான குடும்பங்கள்.

அவர் கட்டுரை வர்றதுக்கு முந்தின வருஷம், 1961இல், இல்லினாய் மாநிலத்தின் பியோரியா ஊர்ல ஒரு பொருள் வெள்ளோட்டம் விட்டாங்க. பேம்பர்ஸ். பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்துல விக்டர் மில்ஸ் என்கிற கெமிக்கல் இன்ஜினியர், பேரக் குழந்தையோட ஈரத்துணியை மாத்தி மாத்தி வெறுத்துப் போய் ஆரம்பிச்ச வேலைன்னு சொல்வாங்க. ஒண்ணு பத்து சென்ட்டுக்கு விற்றாங்க, போணியாகலை. துணியைத் துவைக்கிறது அதை விட மலிவு. விலை ஆறு சென்ட் அளவுக்கு இறங்கின பிறகுதான் பிச்சுக்கிட்டு ஓடுச்சு. (தன் எடையைப் போல பல நூறு மடங்கு தண்ணியை உறிஞ்சுற மாவுச்சத்துப் பொருள் ஒண்ணை அமெரிக்க வேளாண் துறை கண்டுபிடிச்சதும் அதே பியோரியாவுல இருக்கிற ஆய்வகத்துலதான். அந்த ஊர்த் தண்ணி அப்படி போல.) 1980களில் அந்த மாதிரி உறிஞ்சும் பொருள்கள் டயப்பருக்குள்ள வந்ததும் ஈரமே தெரியாம போச்சு. 1989இல் கிம்பர்லி கிளார்க் நிறுவனம் ஜட்டி மாதிரியே மாட்டிக்கிற டயப்பரைக் கொண்டு வந்தது.

இங்கதான் சிக்கல். ஈரமானா நசநசன்னு இருக்கும், அதனால குழந்தை வாயைத் திறந்து சொல்லும். ஈரமே தெரியலைன்னா எதுக்குச் சொல்லணும்? துவைக்கிற வேலையும் இல்லைன்னா அம்மாவுக்குத்தான் என்ன அவசரம்? பொறுமையா இருங்கன்னு பிரேசல்டன் சொன்னதும், பொறுமையா இருக்க வசதி பண்ணிக் கொடுத்த டயப்பரும் ஒண்ணுக்கொண்ணு கை கொடுத்துக்கிச்சு.

1998இல் இன்னும் பெரிய பிள்ளைகளுக்காக ஆறாம் எண் அளவு பேம்பர்ஸ் வந்தப்போ, டிவி விளம்பரத்துல வந்து அவசரப்படுத்தாதீங்கன்னு சொன்னது யார் தெரியுமா? அதே பிரேசல்டன். அந்த நிறுவனத்தோட ஆலோசகரா பணமும் வாங்கிக்கிட்டு இருந்தார். ஜான் ரோஸ்மண்ட் என்கிற பத்தி எழுத்தாளர் பிடிச்சுக்கிட்டார். ரெண்டு வயசுக்கு மேல டயப்பர் போடுறது குழந்தையோட அறிவுக்கே அவமானம், நாய்க்குட்டியைப் பழக்குற மாதிரி பழக்கிடலாம்னு எழுதினார். நியூயார்க் டைம்ஸ் வரைக்கும் போச்சு சண்டை. நாற்பது வருஷமா ஒரே விஷயத்தைத்தான் சொல்றேன், காசுக்காக மாத்திச் சொல்லலைன்னார் பிரேசல்டன். அது உண்மைதான். 1962இல் அவர் எழுதினதுல டயப்பர் நிறுவனம் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த விளம்பரத்துல அவர் நடிச்சிருக்க வேணாம். அதுக்கப்புறம் அவர் சொன்ன சரியான விஷயத்தையும் ஜனங்க சந்தேகமாத்தான் பார்த்தாங்க. 2018இல் 99 வயசுல இறந்தார்.

இந்த ரெண்டு கட்சிக்கும் நடுவுல ஒரு நாளைக்குள்ள முடிச்சுக் காட்டுறேன்னு கிளம்பினவங்களும் உண்டு. நேதன் அஸ்ரின், ரிச்சர்ட் ஃபாக்ஸ். இல்லினாய் மாநிலத்துல மனவளர்ச்சி குன்றிய பெரியவங்க இருந்த அரசு விடுதியில வேலை செஞ்சவங்க. வருஷக்கணக்கா படுக்கையிலேயே போய்க்கிட்டு இருந்தவங்களைச் சில நாள்ல பாத்ரூம் போக வச்சுக் காட்டினாங்க. அதையே 34 சாதாரணக் குழந்தைகளுக்குச் செஞ்சு 1973இல் எழுதினாங்க. சராசரியா நாலு மணி நேரத்துல பழகிடுச்சாம்! 1974இல் வந்த அவங்க புத்தகம் இருபது லட்சத்துக்கு மேல வித்தது.

முறை இதுதான். உச்சா போகிற பொம்மை ஒண்ணு வேணும். அதுக்குக் குழந்தையே சொல்லிக் கொடுக்கணும். உப்புப் போட்ட சிப்ஸ் கொடுத்து, வயிறு முட்ட ஜூஸ் கொடுத்து, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் ஜட்டி காய்ஞ்சிருக்கான்னு குழந்தையையே தொட்டுப் பார்க்கச் சொல்லணும். காய்ஞ்சிருந்தா கைதட்டல், பாராட்டு. நனைச்சுட்டா வீட்டோட ஒவ்வொரு மூலையிலேருந்தும் பானைக்கு ஓடிப் போய் உட்கார்ந்து எழுந்திருக்கணும், பத்துத் தடவை. இந்தப் பத்துத் தடவையிலதான் வீடு ரணகளமாகும். அவங்க நேர்ல இருந்து செஞ்சப்போ சரியா வந்தது, அம்மாக்கள் புத்தகத்தை மட்டும் படிச்சுட்டுச் செஞ்சப்போ குழந்தை தரையில விழுந்து புரண்டது. 1977இல் சின்னதா ஒரு ஆய்வு. கூட ஆள் இருந்து வழிகாட்டின அஞ்சு அம்மாக்கள்ல நாலு பேருக்கு வெற்றி. புத்தகம் மட்டும் கொடுத்த அஞ்சு பேர்ல ஒருத்தருக்குத்தான்.

ஆனா அவங்க செஞ்ச ஒரு காரியம் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. பழகிட்டதுன்னா என்னன்னு வரையறை கொடுத்தாங்க. யாரும் ஞாபகப்படுத்தாம குழந்தை தானாப் போகணும், தானே ஜட்டியை இறக்கணும், உட்காரணும், முடிச்சதும் ஏத்திக்கணும், பானையை எடுத்துக் கழிவறையில கொட்டித் தண்ணி விட்டு, திரும்பக் கொண்டு வந்து வைக்கணும். இத்தனையும் செஞ்சாத்தான் தேறினதா கணக்கு.

இந்த வரையறையைக் கையில வச்சுக்கிட்டுத் திரும்பிப் பாருங்க. ஹோல்ட் ரெண்டு மாசத்துல பழக்கினது யாரை? நேரம் பார்த்துக் கிண்ணம் பிடிச்ச தாதியைத்தான். என் நண்பனோட அம்மா சொல்ற ஒரு வயசுக் கணக்கும் இதே ரகம். அந்தக் காலத்துல அவங்க கால் ரெண்டையும் நீட்டி உட்கார்ந்து, பாதத்து மேல குழந்தையைக் குந்த வச்சு "ஸ்ஸ்ஸ்"னு சத்தம் கொடுப்பாங்க. குழந்தையும் போகும். பொய் இல்லை. ஆனா குழந்தை தானாப் போகலை, அம்மா மூஞ்சியைப் பார்த்துப் புரிஞ்சுக்கிட்டாங்க.

அது மட்டமான விஷயமும் இல்லை. 1977இல் கிழக்கு ஆப்பிரிக்காவோட டிகோ மக்களைப் பத்தி டி வ்ரீஸ் தம்பதி ஒரு கட்டுரை எழுதினாங்க. படிச்சு அசந்துட்டேன், அப்படியே நம்ம ஊர்! அம்மா தரையில காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைத் தன் காலுக்கு நடுவுல வச்சு, "ஷூ" மாதிரி ஒரு சத்தம். பிறந்து சில வாரத்துல ஆரம்பம். அஞ்சாறு மாசத்துல பகல், ராத்திரி ரெண்டுலயும் ஈரம் இல்லை. கடுமை கிடையாது, அடி கிடையாது. குழந்தை எப்பவும் யாராவது ஒருத்தர் உடம்போட ஒட்டியே இருக்கும், அதனால நெளிஞ்சாலே தெரிஞ்சுடும். சீனாவுலயும் இதே கதைதான், கால் நடுவுல தையல் பிரிஞ்ச மாதிரி திறந்த கால்சட்டை போட்டு விடுவாங்க. நம்ம ஊர்ல அரணாக்கயிறும் ஒரு கோமணத் துணியும். ஆக, ஒரு வயசுக் கணக்குச் சொன்ன அம்மாவும் சரி, மூணு வயசு சொன்ன மருத்துவரும் சரி. ரெண்டு பேரும் வேற வேற விஷயத்தை அளந்துக்கிட்டு இருக்காங்க. நாள் முழுக்க மடியில வச்சுக்க ஆள் இருக்கிற வீட்டுல முதலாவது நடக்கும். ரெண்டு பேரும் எட்டு மணிக்கு வண்டியைக் கிளப்புற வீட்டுல நடக்காது. மருமகளோட பொறுமையில குறை சொல்ல என்ன இருக்கு?

தானாப் போறதுங்கிறது வேற. அதுக்குக் குழந்தைக்கு நடக்கத் தெரியணும், சொல்லத் தெரியணும், ஜிப்பை இறக்கத் தெரியணும். 2002இல் மில்வாக்கி நகரத்துக் குழந்தைகளை வாராவாரம் கேட்டுக் குறிச்ச ஆய்வுல, பகல்ல ஈரமில்லாம இருக்கிற நடு வயசு பெண் குழந்தைக்கு 32.5 மாசம், பையனுக்கு 35 மாசம். நண்பனோட பையனுக்கு அப்போ 30. நான் அந்த எண்ணை அவன் மனைவிக்கு அனுப்பி வச்சேன். அடுத்த வருஷம் பிலடெல்பியாவுலேர்ந்து வந்த இன்னொரு ஆய்வு, 27 மாசத்துக்கு முன்னாடி தீவிரமா ஆரம்பிச்சாலும் சீக்கிரம் முடியறதில்லை, இழுத்துக்கிட்டுப் போறதுதான் மிச்சம்னு சொல்லுது.

இன்னொரு பக்கமும் இருக்கு. ரொம்பத் தள்ளிப் போனாலும் பிரச்சனைதான். 2024இல் அமெரிக்காவோட யூட்டா மாநிலத்துல, தானா பாத்ரூம் போகத் தெரிஞ்ச பிள்ளையைத்தான் மழலையர் வகுப்புல சேர்க்கணும்னு சட்டமே போட்டுட்டாங்க. அங்க அந்த வகுப்புக்கு அஞ்சு வயசு! டீச்சர்கள் டயப்பர் மாத்தி அலுத்துப் போயிட்டாங்க போல.

நிபுணர்கள் எல்லாருமே குழந்தையைத்தான் பார்த்தாங்க, கழிவறையை யாரும் பெரிசா பார்க்கலை. ஒரு மூணு வயசுக் குழந்தை உயரத்துல உட்கார்ந்து நம்ம பாத்ரூமைப் பாருங்க. தாழ்ப்பாள் எட்டாது. ஸ்விட்ச் எட்டாது. இந்தியன் டைப்னா ரெண்டு காலையும் அகட்டி வைக்க முடியாம, நடுவுல இருக்கிற ஓட்டையில விழுந்துடுவோமோன்னு பயம். வெஸ்டர்ன்னா ஏறவே முடியாது. கிராமத்து வீட்டுல கொல்லைக் கோடியில இருட்டு. சின்னப் பிள்ளைகளைத் தெருவோரம், வாய்க்கால் ஓரம் உட்கார வச்சதுக்கு இதுவும் ஒரு காரணம். சின்னப் பிள்ளைங்க ஆய்தானே, அதுல என்ன இருக்குன்னு ஒரு நினைப்பு வேற. வயிற்றுப்போக்குக் கிருமி வயசு பார்க்கிறதில்லை.

இதை யோசிச்சுச் செஞ்சவங்க நம்ம திருச்சியில இருக்காங்க. 1987இல் தாமோதரன் தொடங்கின கிராமாலயா என்கிற தொண்டு நிறுவனம். (அவருக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைச்சது.) திருச்சி குடிசைப் பகுதிகள்ல பொதுக் கழிப்பறை கட்டினப்போ, பிள்ளைங்களுக்குன்னு தனியா ஒரு பகுதி வச்சாங்க. கால் அகலத்துக்குத் தகுந்த சின்னப் பீங்கான், பிடிச்சுக்கக் கம்பி, தாழ்வான சுவர், சுவர்ல கலர் கலரா படம். பூட்டிக்கிட்டு இருட்டுல தனியா உட்கார வேண்டாம், பக்கத்துப் பிள்ளையோட பேசிக்கிட்டே போகலாம். வாட்சனோட சாத்தின கதவை நினைச்சுப் பாருங்க!

நண்பன் வீட்டு நிலவரம்: ஒரு முக்காலி, கமோடு மேல வைக்கிற சின்ன வளையம், எட்டுற உயரத்துல ஒரு கொக்கி, அதுல ஒரு சின்ன மக். நண்பனோட அம்மாவே போய் வாங்கிட்டு வந்தாங்களாம். ப்ளேஸ்கூலை மூணு மாசம் தள்ளிப் போட்டாச்சு. இப்போதைக்குப் பையன் பத்துக்கு ஏழு தடவை சொல்றான், மிச்சம் மூணு தடவை போன பிறகு சொல்றான்.

அப்புறம் உங்ககிட்ட ஒரு உதவி. உச்சா, மூச்சா, ஒண்ணுக்கு, கக்கா, ஆய், ரெண்டுக்குன்னு எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். உங்க ஊர்ல குழந்தைகிட்ட என்ன வார்த்தை சொல்வீங்க? பாதத்து மேல குந்த வைக்கிறதுக்குன்னு தனியா பேர் ஏதாவது உண்டா? பின்னூட்டத்துல ஊர்ப் பேரோட எழுதுங்க, தொகுத்து இன்னொரு பதிவா போட்டுடலாம். டீசன்ட்டா எழுதுங்க மக்கா :-)